ஊத்துக்கோட்டைக் கழனிக்கு எந்த ரோட்டவேட்டர்? தேர்வும் பராமரிப்பும்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் அம்பத்தூரில் குடியிருக்கிறார். ஊத்துக்கோட்டைப் பக்கம் 6 ஏக்கர் நிலம்: 4 ஏக்கர் ஏரிப் பாசனக் கழனியில் இரண்டு போகம் நெல், 2 ஏக்கர் கொல்லையில் (மேட்டு நிலம்) வேர்க்கடலை. 42 ஹெச்.பி. டிராக்டர் கையில் இருக்கிறது. கடையில் 6 அடி ரோட்டவேட்டர் (டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவி) எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, கூட வேறு என்ன கலப்பை வேண்டும், எடுத்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

எத்தனை அடி என்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வருஷத்தில் அந்த மெஷின் எவ்வளவு நேரம் சேற்றில் ஓடும்? உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். கழனி 4 ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு ஓட்டு என்றால் 16 ஏக்கர். கொல்லை 2 ஏக்கருக்கு இரண்டு ஓட்டு என்றால் 4 ஏக்கர். ஐந்தில் நான்கு பங்கு வேலை சேடை ஓட்டுவதுதான், அதாவது தண்ணீர் கட்டிய கழனியைச் சேறாக்குவது. ஆக, நீங்கள் வாங்குவது சேற்று மெஷின். புழுதியில் பத்து வருஷம் உழைக்கும் ரோட்டவேட்டர், சேற்றில் இரண்டு பருவத்தில் ரோட்டாரின் (பிளேடுகள் மாட்டிய சுழலும் தண்டு) பேரிங்கைத் தின்றுவிடும். காரணம் பெரும்பாலும் பிளேடோ கியரோ இல்லை, ரோட்டாரின் இரு முனையிலும் ஆயில் கசியாமலும் சேறு புகாமலும் தடுக்கும் வளையமான ஆயில் சீல்தான். தேர்வு, பராமரிப்பு இரண்டையுமே அங்கிருந்து தொடங்குவது நல்லது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்னத் துண்டுகளாக உள்ள கழனியில் மணிக்கு 0.8 ஏக்கர் ஓட்டலாம் என்று வைத்தால், உங்கள் மொத்த வேலை வருஷத்துக்கு 25 மணி நேரம்தான். அதற்காக மட்டும் புது மெஷினில் பணம் போடுவது லாபமில்லை. அக்கம்பக்கத்துக் கழனிகளையும் சேர்த்து நூறு மணி நேரம் ஓட்ட வழியிருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 9 கொழு (மண்ணைக் கீறும் இரும்பு முனை) கலப்பையை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுப்பதே சரி. நடவு நேரத்தில் ஊரே ஒரே வாரத்தில் மெஷின் தேடும் என்பதுதான் வாடகையில் உள்ள சிக்கல். அந்த ஒரு காரணத்துக்காக வாங்குகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், நாற்று வயது தாண்டினால் இழப்பு பெரிது.

வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம்.

42 ஹெச்.பி. என்பது இன்ஜினின் திறன். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு, அதாவது பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு, வந்து சேர்வது சுமார் 36. களிச்சேற்றில் ஓர் அடி அகலத்துக்கு சுமார் 6.5 பி.டி.ஓ. ஹெச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு. 6 அடிக்கு 39 வேண்டும், உங்களிடம் இல்லை. மணல் கலந்த கொல்லையில் 6 அடி இழுத்துவிடும், அதைப் பார்த்துத்தான் கடையில் தைரியமாகச் சொல்கிறார்கள். ஏரிக் களியில் இறக்கினால் இன்ஜின் திணறிக் கரும்புகை தள்ளும், ஆர்.பி.எம். விழும், ரோட்டார் மெதுவாகும், கட்டி உடையாது. மூன்றாவது ஓட்டு தேவைப்படும். அகலத்தில் மிச்சம் பிடித்த நேரமும் டீசலும் அதிலேயே போய்விடும்.

அப்படியானால் 5 அடியா? அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 13.6-28 டயர் போட்ட டிராக்டரில் பின்சக்கரங்களின் வெளி அகலம், சக்கரத்தை உள்ளே தள்ளி வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் வரும். 5 அடி மெஷினின் வெட்டு அகலம் 1.5 மீட்டர். டயர் அழுத்திய தடம் ஓரத்தில் உழப்படாமல் நிற்கும். சேற்றில் பரம்பு அடிக்கும்போது அது மறைந்துவிடும், கொல்லையில் மறையாது. 5.5 அடி மாடல் கிடைத்தால் உங்களுக்கு அதுவே பொருத்தம். கிடைக்காவிட்டால் 5 அடியை எடுத்து, ஃபிரேமை வலப்பக்கம் தள்ளி மாட்டும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். ஒரு பக்கத் தடமாவது மூடும், மறுபக்கத் தடத்தை அடுத்த சுற்று மூடும்படி ஓட்டிக்கொள்ளலாம்.

எடையையும் பாருங்கள். இந்த அளவு மெஷின் 350 முதல் 450 கிலோ வரை இருக்கும். தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முன்சக்கரம் மேலே எழும்பும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். முன்பக்க எடைக்கட்டி இல்லாத டிராக்டர் என்றால் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை என்று பார்த்தால், பக்கவாட்டு டிரைவ் செயினா, கியரா என்பது முதலாவது. செயின் விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் எளிது. ஆனால் தளர்ந்தால் டென்ஷன் பிடிக்க வேண்டும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் சீக்கிரம் தேயும். உங்கள் வேலைக்கு கியர் டிரைவ்தான். அடுத்து, ரோட்டார் முனைகளில் சாதாரண ரப்பர் சீல் மட்டுமா, அல்லது இரண்டு உலோக வளையங்கள் ஒன்றின் முகத்தில் மற்றொன்று உரசி நிற்கும் மெக்கானிக்கல் சீலா என்று கேளுங்கள். சேற்றுக்கு இரண்டாவதுதான் வேண்டும். விலை கூடினாலும் இதில் இறங்கி வராதீர்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் பாகங்கள் படம் போட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் தெளிவாக இருக்கும். கூடவே மெஷினின் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். தென்மாநிலங்களுக்கான மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ளது. இப்படிப்பட்ட நிலையங்கள் தரும் அறிக்கையில் பிளேடின் கடினம், தேய்மானம், டீசல் செலவு எல்லாம் அளந்து எழுதியிருக்கும். விளம்பரத் தாளைவிட அது நம்பகமானது.

பிளேடில் எல் வடிவம், சி வடிவம் இரண்டும் பரவலாகக் கிடைக்கும். எல் பிளேடு புல், தாள் மண்டிய காய்ந்த நிலத்தை நன்றாக அறுக்கும். சி பிளேடின் வளைவில் களி ஒட்டாது, சேற்றில் இழுவையும் குறைவு. போரான் எஃகு என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமாக ஒரு ஃபிளேஞ்சில் (ரோட்டாரில் பிளேடுகளை போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தகடு) 6 பிளேடு வரும், மூன்று இடது, மூன்று வலது. 5 அடி மெஷினில் 36, 6 அடியில் 42 என்பது பொதுவான எண்ணிக்கை.

ஓட்டும் வேகம்தான் கட்டியின் அளவைத் தீர்மானிக்கிறது, இதைப் பல டிரைவர்கள் கவனிப்பதில்லை. ரோட்டார் நிமிஷத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது, ஒரே தடத்தில் மூன்று பிளேடு வெட்டுகிறது என்றால் நிமிஷத்துக்கு 600 வெட்டு. டிராக்டர் மணிக்கு 3 கி.மீ. போனால் நிமிஷத்துக்கு 50 மீட்டர். வெட்டுக்கு வெட்டு 8 செ.மீ. இடைவெளி. 5 கி.மீ. வேகத்தில் அதுவே கிட்டத்தட்ட 14 செ.மீ. ஆகிவிடும். வேர்க்கடலைக்குப் பொலபொலப்பான மண் வேண்டுமென்றால் 2 முதல் 3 கி.மீ., அதாவது லோ கியர்தான். மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் ஆர்.பி.எம்.மில் இன்ஜினை வைத்துவிட்டு, வேகத்தைக் கியரில் மட்டும் மாற்றுங்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்து மெதுவாகப் போனால் ரோட்டாரும் சேர்ந்தே குறையும், பலன் இருக்காது. மல்டி ஸ்பீடு கியர்பாக்ஸ் என்றால் பின்மூடியைக் கழற்றி இரண்டு பல்சக்கரங்களை இடம் மாற்றி ரோட்டார் வேகத்தை மாற்றலாம். பின்தகட்டை இறக்கினால் கட்டி மேலும் உடையும், தூக்கினால் பெருமண்ணாக விழும். ஆழம் பக்கச் சறுக்குக் கட்டையில்தான் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையில். 4 முதல் 6 அங்குலம் போதும்.

சேடைக்கு ஒரு நாள் முன்னதாகத் தண்ணீர் கட்டி, 2 அங்குலம் நிற்கும்படி வைத்து ஓட்டுங்கள். முதல் ஓட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டால் களை முளைத்து, அடுத்த ஓட்டில் மடிந்து உரமாகும். பின்டயரோடு கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) கட்டாயம். சேறு நைசாகவேண்டும் என்று மூன்று, நான்கு ஓட்டு ஓட்டுவது வீண். நாற்று ஆழத்தில் அமுங்கும், அறுவடை மெஷின் புதையும்.

இனி ஷாஃப்ட். ரோட்டவேட்டரோடு வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டை அப்படியே மாட்டி ஓட்டுவதால்தான் பல டிராக்டர்களின் பி.டி.ஓ. பேரிங் உடைகிறது. டிராக்டருக்கு டிராக்டர் தூரம் மாறும். ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை மெஷினிலும் மாட்டுங்கள். ஹைட்ராலிக்கை மெல்ல ஏற்றி இறக்கி, இரண்டு முனைக்கும் இடையே தூரம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் உள்குழாய் முட்டாமல் இன்னும் 3 முதல் 4 செ.மீ. விளையாட்டு இருக்க வேண்டும். முட்டினால் உள், வெளிக் குழாய்களை ஒரே அளவு அறுத்து, விளிம்பை அரத்தால் மழுக்கி, கிரீஸ் தடவிச் சேருங்கள். அதிக நீளமாக விரியும் நிலையிலும் குழாயில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், அதற்கும் குறைந்தால் வேலை நடுவில் ஷாஃப்ட் கழன்று அடிக்கும். சேர்க்கும்போது நடுவில் உள்ள இரண்டு யோக்குகளும் (ஜாயின்ட்டின் கவட்டைப் பகுதிகள்) ஒரே தளத்தில் நேராக நிற்க வேண்டும். ஒரு பல் மாற்றி மாட்டினாலும் அதிர்வு வரும், ஜாயின்ட்டின் நடுவில் உள்ள சிலுவை வடிவக் கிராஸ் சீக்கிரம் போகும்.

வேலை ஆழத்தில் மெஷின் இருக்கும்போது கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் டிராக்டரின் பி.டி.ஓ.வுக்கு இணையாக நிற்கும்படி டாப் லிங்க்கை (டிராக்டரையும் மெஷினையும் மேலே இணைக்கும் தண்டு) சரிசெய்யுங்கள். தூக்கும்போது 'கடகட' என்று சத்தம் வந்தால் ஜாயின்ட் கோணம் மீறுகிறது என்று அர்த்தம். பிளேடு மண்ணைவிட்டு ஓர் அடி எழும்பினாலே திரும்பப் போதும், ஹைட்ராலிக் நெம்புகோலில் அந்த இடத்தில் ஸ்டாப்பரை வைத்துவிடுங்கள். ரோட்டார் மண்ணில் இருக்கும்போது டிராக்டரைத் திருப்பாதீர்கள், பிளேடும் பக்கத்தகடும் வளையும். வரப்பு தாண்டும்போது பி.டி.ஓ. நிறுத்தத்தில் இருக்க வேண்டும்.

ஷியர் போல்ட் உள்ள மாடலில் அது அடிக்கடி அறுந்தால், கெட்டி போல்ட் போட்டுவிடும் பழக்கம் நம் பக்கம் அதிகம். கல்லில் அடித்தால் அறுவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது அறாவிட்டால் கியர் பல் உடையும். உங்கள் புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே பத்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் (சுமை மீறினால் வழுக்கிவிடும் தகடுகள்) உள்ள மாடலில் வேறு பிரச்சினை: மழைக்காலம் முழுதும் நின்றால் தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பருவத்தின் தொடக்கத்தில் ஸ்பிரிங் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, நட்டுகளைத் தளர்த்தி, பி.டி.ஓ.வை இரண்டு விநாடி ஓட்டி வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே திரும்ப இறுக்குங்கள்.

பராமரிப்பில் தினமும் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலைதான். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகே தொடங்குங்கள். தூக்கி நிற்கும் மெஷினின் கீழ் கட்டை வைக்காமல் கையை விடாதீர்கள், ஹைட்ராலிக்கை நம்ப முடியாது. ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸ்களுக்கும் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ். டிரைவ் இல்லாத பக்கத்து ரோட்டார் பேரிங்குக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தால், சேற்று வேலை முடிந்த அன்றே புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள், உள்ளே புகுந்த சேற்றுத் தண்ணீரை அது தள்ளிவிடும்.

ரோட்டாரின் இரு முனையையும் கையால் தடவிப் பாருங்கள். வைக்கோல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்கின் நார் சுற்றியிருக்கும். சென்னையைச் சுற்றியுள்ள நிலங்களில் இது மிக அதிகம், மழைநீரோடு வரும் பிளாஸ்டிக் எல்லாம் கழனியில்தான் தங்குகிறது. ஒரு நைலான் இழை ஃபிளேஞ்சுக்கும் பேரிங் வீட்டுக்கும் நடுவில் புகுந்தால், சூடேறி உருகி சீலின் உதட்டை அறுக்கும். அறுந்த சீல் வழியாக ஆயில் கசியும், சேறு உள்ளே போகும், பேரிங் அரைபடும். கத்தியால் அறுத்து முழுதும் எடுத்துவிடுங்கள்.

சீல் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஆயிலைப் பார்த்தாலே போதும். பக்கவாட்டு கியர் பெட்டியின் லெவல் பிளக்கைத் திறந்தால் வருவது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. லெவல் முன்பைவிட உயர்ந்திருந்தாலும் அதே காரணம்தான். அப்படி ஆகிவிட்டால் அடுத்த பருவம்வரை இழுக்காமல் ஆயிலை இறக்கி, டீசலால் அலசி, சீலை மாற்றுங்கள். சீலின் எண் அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அந்த எண்ணோடு போனால் பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடைகளில் வாங்கிவிடலாம். புது சீல் போட்டும் ஒரே வாரத்தில் கசிந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது, அந்த ஸ்லீவையும் மாற்ற வேண்டும். அடுத்தது, கியர்பாக்ஸின் மேல் இருக்கும் பிரீதர் துவாரம். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியின்றிச் சீலையே தள்ளும். ஐந்து நிமிஷத்தில் சுத்தம் செய்துவிடலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் அதை ஒருமுறைகூடத் தொடுவதில்லை.

புது மெஷினில் முதல் ஆயில் மாற்றம் 30 முதல் 50 மணி நேரத்தில். பல்சக்கரங்கள் பதியும்போது உதிரும் துகள் அதோடு போய்விடும். அதன்பின் 200 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது வருஷத்துக்கு ஒரு முறை, எது முன்னே வருகிறதோ அது. கியர் ஆயிலின் தரம் 90-ஆ 140-ஆ என்பதைப் புத்தகம் சொல்லும், கலக்காதீர்கள். ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். பிளக்கில் கறுப்புக் களிம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இரும்பு வந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பிளேடு போல்ட்டுகளை முதல் 2 முதல் 3 மணி நேரத்துக்குப் பின் ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும், பிறகு தினமும் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். தளர்ந்த ஒரு போல்ட் ஃபிளேஞ்ச் ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிட்டால் அதன்பின் அந்த இடத்தில் எந்தப் போல்ட்டும் நிற்காது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்தான் வேண்டும். பிளேடின் படுக்கைப் பகுதி பாதியாகத் தேய்ந்தால் மாற்றும் நேரம், அதுவும் செட்டாக. ஒன்றிரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் எடை மாறி ரோட்டார் அதிரும். எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு மாட்டத் தொடங்காதீர்கள். பிளேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கும்படி திருகுச் சுற்றில் அமைத்திருப்பார்கள். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் அதே பக்கத்துப் புது பிளேடை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வரிசை குலைந்தால் பல பிளேடு ஒரே நேரத்தில் இறங்கி, டிராக்டர் முழுதும் 'தட் தட்' என்று குலுங்கும்.

ஓடும் ஷாஃப்ட் அருகே வேட்டி, துண்டு, சேலைத் தலைப்போடு யாரையும் விடாதீர்கள். ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடைந்தால் அன்றே மாற்றுங்கள். ஃபிரேமில் யாரையும் எடைக்காக ஏற்றி நிறுத்தும் வழக்கம் உங்கள் நிலத்தில் வேண்டாம்.

மற்றக் கலப்பைகளைப் பற்றிச் சுருக்கமாக. கோடை மழைக்குப் பின் ஏப்ரல், மே மாதத்தில் கொல்லையைப் புரட்ட 9 கொழு கலப்பை போதும். கொழு ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ரோட்டவேட்டரை மட்டுமே வருஷக்கணக்கில் ஓட்டினால் 5, 6 அங்குலத்துக்குக் கீழே மண் இறுகித் தளம்போல் ஆகும். கழனியில் அந்த இறுக்கம் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதால் நல்லது, அதை உடைக்காதீர்கள். கொல்லையில் அது வேரை நிறுத்திவிடும். அங்கே இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உளிக் கலப்பையை வாடகைக்கு எடுத்து, மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது 40 செ.மீ. ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கோடு மட்டும் விழும், தளம் வெடிக்காது. சட்டிக் கலப்பை உங்களுக்குத் தேவையில்லை, அது புதர் மண்டிய கரம்புக்கும் கல், வேர் நிறைந்த நிலத்துக்கும்.

பருவம் முடிந்ததும் சேற்றைக் காயவிடாமல் கழுவுங்கள், ஆனால் பிரஷர் வாட்டரை சீல் மேல் நேராக அடிக்க வேண்டாம். பிளேடுகளுக்குப் பழைய ஆயில் பூசி, மரக்கட்டை மேல் இறக்கி, கூரையின்கீழ் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ரோட்டாரைக் கையால் சுற்றிவிட்டால் சீல் ஒரே இடத்தில் ஒட்டாது.

மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பிக்கலாம். தலைமை அலுவலகம் நந்தனத்தில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நிலம் உள்ள பகுதியின் உதவி செயற்பொறியாளர் அலுவலகமும் உழவன் செயலியும்தான் வழி. மத்திய அரசுத் திட்டத்தில் சிறு, குறு, பெண், பட்டியலின விவசாயிகளுக்கு 50 விழுக்காடும் மற்றவர்களுக்கு 40 விழுக்காடும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். அனுமதி ஆணை கைக்கு வருவதற்கு முன் கடையில் பணம் கட்டி மெஷினை எடுத்துவிடாதீர்கள், பிறகு மானியம் கேட்க முடியாது. அனுமதிக்கும் மாடல்களின் பட்டியலில் 5.5 அடி, கியர் டிரைவ், மெக்கானிக்கல் சீல் மூன்றும் சேர்ந்த மாடல் எது என்று பார்த்து, அந்த மாடலின் பெயரை எழுதியே விண்ணப்பியுங்கள்.